உள்ளங்கை திரும்ப வேண்டும்

கையைக் கவிழ்ப்பதையும் நிமிர்த்துவதையும் நாள் முழுவதும் நாம் செய்துகொண்டேயிருக்கிறோம். செய்கிறோம் என்ற நினைவுகூட இல்லாமல் செய்கிறோம். இலையில் சோற்றைப் பிசையும்போது கவிழ்ந்திருக்கும் கை, கவளத்தை வாயருகே கொண்டுபோகும் வழியிலேயே நிமிர்ந்துகொள்கிறது. கோயிலில் தீர்த்தம் வாங்குவதற்காக மல்லாந்து குழியும் உள்ளங்கை, அடுத்த கணத்தில் தலையைத் தடவுவதற்காகக் கவிழ்கிறது. பூட்டைத் திறப்பதும், துணியைப் பிழிவதும், குழந்தையின் முகத்தைக் கழுவுவதும் இந்த ஒரே சுழற்சியின் வெவ்வேறு ரூபங்கள். இந்தச் சுழற்சிக்கு ஸ்தானமாக இருப்பது முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடைப்பட்ட முன்கை. ஆகையால், முன்கை எலும்பு முறிந்து படுத்திருப்பவரைப் பார்க்கப் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் "எலும்பு கூடிவிட்டதா?" என்ற கேள்வி, நல்லெண்ணத்தோடு கேட்கப்படுவதேயானாலும், பாதிக் கேள்விதான். எலும்பு கூடியும் உள்ளங்கை திரும்பாமற்போன கைகள் உலகில் ஏராளம். அந்த நிலை வராமல் தடுப்பதற்காகவே முன்கை முறிவுக்கு ரண சிகிச்சை என்ற ஒன்று ஏற்பட்டது.

முன்கையில் இரண்டு எலும்புகள் அருகருகே கிடக்கின்றன. கட்டைவிரல் பக்கத்தில் இருப்பது ஆரை எலும்பு. மருத்துவமனைகளில் ரேடியஸ் என்று சொல்வார்கள். சுண்டுவிரல் பக்கத்தில் இருப்பது அல்னா. அல்னா முழங்கையில் கீல் மூட்டாகப் பொருந்தி, மடங்கவும் நீளவும் மட்டுமே இடங்கொடுக்கும். ஆரையோ மேல்முனையில் வட்டமான ஒரு தலையை உடையது. அத்தலை நாரினால் ஆன ஒரு வளையத்துக்குள் நின்ற இடத்திலேயே சுழல, அதன் கீழ்முனை அல்னாவைச் சுற்றிவந்து, தன்னோடு உள்ளங்கையையும் திருப்பிவிடுகிறது. கை மல்லாந்திருக்கும்போது இரண்டு எலும்புகளும் இணையாகக் கிடக்கின்றன. கவிழ்ந்தவுடன் ஆரை அல்னாவின் குறுக்கே வந்து படிகிறது. இரண்டையும் நெடுகப் பிணைத்து ஓர் உறுதியான சவ்வு ஓடுகிறது. இவற்றுள் ஆரை நேரான எலும்பன்று; வெளிப்புறமாக மெல்ல வளைந்தது. வாளியின் கைப்பிடி வளைந்திருப்பதால்தான் விளிம்பில் இடிக்காமல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சாய்கிறது. அந்த வளைவை யாராவது நிமிர்த்திவிட்டால் பாதி வழியிலேயே முட்டிக்கொள்ளும். ஆரையின் வளைவும் அதே காரியத்துக்காகத்தான் அமைந்திருக்கிறது.

ஆரோக்கியமான முன்கை, நடுநிலையிலிருந்து நிமிரும் பக்கத்தில் ஏறக்குறைய 80 பாகையும், கவிழும் பக்கத்தில் அதைவிடச் சற்றுக் குறைவாகவும் திரும்பும். அன்றாடக் காரியங்களுக்கு இரு பக்கமும் ஐம்பது ஐம்பது பாகை இருந்தால் போதும் என்று அளந்து பார்த்த ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். எலும்பு 10 பாகை கோணலாகக் கூடினால் சுழற்சி பெரிதாகக் குறைவதில்லை. 20 பாகை கோணலாகிவிட்டால் கை திரும்புவது கணிசமாகத் தடைப்படும். இதில் ஒரு விசேஷம் உண்டு. கவிழ்க்கும் சக்தி குறைந்தவர், தோளை அகற்றி முழங்கையைப் பக்கவாட்டில் தூக்கி ஒருவாறு ஈடுசெய்துகொள்ளலாம். நிமிர்த்தும் சக்தியை இழந்தவருக்கு அப்படிப்பட்ட உபாயம் எளிதில் கிடைப்பதில்லை. கையால் உண்டு பழகிய நம்மவர்களுக்கு அந்த நஷ்டம் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் பிரத்தியட்சமாகத் தெரியும்.

இந்த எலும்புகள் முறியும் விதங்களும் பல. இருசக்கர வாகனத்திலிருந்து தூக்கியெறியப்பட்டவர், மரத்திலிருந்தோ சாரத்திலிருந்தோ விழுந்தவர், கிணற்றடியில் வழுக்கிக் கையை ஊன்றியவர் என்று மருத்துவமனைக்கு வருகிறவர்களின் வரிசை நீண்டது. தலையை நோக்கித் தடி ஓங்கப்படும்போது மனிதன் யோசிக்காமலே முன்கையைக் குறுக்கே உயர்த்துகிறான்; அப்போது அடியை வாங்குவது தோலுக்கு நேர் கீழே காவலின்றி இருக்கும் அல்னா. அல்னா மட்டும் முறிந்து, துண்டுகள் அதிகம் விலகாமல் இருந்தால் பெரும்பாலும் கட்டிலேயே குணமாகிவிடும். கத்தி வைக்க வேண்டிய அவசியம் வருவது, பெரும்பாலும் இரண்டு எலும்புகளும் முறிந்த இடத்திலும், ஓர் எலும்பு முறிந்து அதன் துணை எலும்பு மூட்டிலிருந்து நழுவிய இடத்திலும்தான்.

இந்தக் கடைசி வகை மிகவும் ஏமாற்றுகிற வகை. இரண்டு எலும்புகளும் மேலும் கீழும் மூட்டுகளால் பிணைக்கப்பட்டிருப்பதால், ஒன்று முறிந்து குறுகிவிட்டால் மற்றது தன் இடத்தில் இருக்க முடியாமல் எங்கேனும் ஒரு முனையில் வெளியேறிவிடுகிறது. இத்தாலியின் மிலான் நகரத்தைச் சேர்ந்த ஜியோவன்னி பத்திஸ்தா மொந்தேஜா என்ற ரண வைத்தியர் 1814-இல், அல்னாவின் மேற்பகுதி முறிந்து ஆரையின் தலை முழங்கையில் நழுவும் காயத்தை விவரித்தார். எக்ஸ்-கதிரை ரோண்ட்கன் கண்டுபிடித்தது 1895-இல் என்பதை நினைத்துப் பார்த்தால், விரல் நுனியாலும் பொறுமையாலும் மட்டுமே இதைக் கண்டறிந்த அந்த மனிதருடைய மேதை நமக்கு விளங்கும். மொந்தேஜாவுக்கு நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 1934-இல், மிலானிலேயே ரிக்கார்டோ கலியாட்சி என்பவர் இதன் மறுபக்கத்தை விவரித்தார்: ஆரை நடுவுக்குக் கீழே முறிந்து, மணிக்கட்டருகே அல்னா நழுவுவது. இவ்விருவரின் பெயர்களே இன்றும் அக்காயங்களுக்கு வழங்குகின்றன. முறிந்த இடத்தை மட்டும் படமெடுத்துவிட்டு நழுவிய மூட்டைக் கவனியாமல் விட்டால், முறிவு கூடும், கை முடமாகும். ஆகவே முன்கைக்கு எடுக்கும் படத்தில் முழங்கையும் மணிக்கட்டும் கட்டாயம் விழ வேண்டும். அவை விழாத படத்தைக் கண்டால் இன்னொரு படம் எடுக்கச் சொல்லிக் கேட்பதற்கு நோயாளியின் உறவினருக்குப் பூரண உரிமை உண்டு.

முறிவுக்குக் கட்டுவது நமது தேசத்தில் இன்று நேற்று வந்த வித்தையன்று. சுசுருத சம்ஹிதையில் எலும்பு முறிவைப் பன்னிரண்டு வகையாகவும் மூட்டு நழுவுதலை ஆறு வகையாகவும் பிரித்து, மூங்கிலையும் மரப்பட்டைகளையும் வைத்துக் கட்டும் கிரமம் சொல்லப்பட்டிருக்கிறது. கட்டு தளர்ந்தால் இணைப்பு உறுதிப்படாது, மிக இறுகினால் வீக்கமும் வலியும் சீழும் உண்டாகும், ஆகையால் நடுத்தரமாகக் கட்ட வேண்டும் என்று அந்நூல் எச்சரிப்பதோடு, குளிர்காலத்தில் ஏழு நாளைக்கொரு தரமும், மிதமான பருவத்தில் ஐந்து நாளைக்கொரு தரமும், வெயில் காலத்தில் மூன்று நாளைக்கொரு தரமும் கட்டை அவிழ்த்துப் பார்க்கச் சொல்கிறது. அவிழ்த்துப் பார்ப்பதற்கு நாள் குறித்த அந்த அறிவுக்கு நான் தலை வணங்குகிறேன். புத்தூர்க் கட்டு என்ற பலகைகள் நமது ஊர்களில் எங்கும் தொங்குவதற்கும், குமரி மாவட்டத்தில் வர்ம ஆசான்களை நாடி மக்கள் போவதற்கும், பரம்பரையாக வந்த அனுபவத்தின்மேல் இருக்கும் நம்பிக்கையே காரணம். மருத்துவமனை எட்டாத தூரத்திலிருந்த காலங்களில் ஏழைகளின் கைகால்களைக் காத்தவர்கள் அவர்கள் என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் பெரியவர்களின் முன்கை முறிவில், எவ்வளவு தேர்ந்த கை கட்டினாலும் கட்டுக்கு அடங்காத ஒரு சங்கடம் இருக்கிறது. அதை மாவுக்கட்டும் வெல்ல முடியவில்லை.

அந்தச் சங்கடம் தசைகளால் வருவது. ஆரை நடுவுக்கு மேலே முறிந்தால், முறிவுக்கு மேலுள்ள துண்டைப் புஜத்துத் தசை நிமிர்த்தும் பக்கம் திருப்புகிறது. கீழ்த்துண்டை மணிக்கட்டருகே உள்ள சதுரத் தசை கவிழ்க்கும் பக்கம் இழுக்கிறது. வெளியே எத்தனை பத்தை வைத்துக் கட்டினாலும், இடையில் சதை இருப்பதால், உள்ளே எலும்புத் துண்டுகள் எதிரெதிராகச் சுழலுவதைக் கட்டு தடுக்க முடிவதில்லை. முதல் நாள் படத்தில் சரியாக இருந்தது, வீக்கம் வற்றிய பத்தாம் நாள் படத்தில் விலகியிருக்கும். 1949-இல் அமெரிக்காவில் நைட், பர்விஸ் என்ற இருவர் வெளியிட்ட கணக்கில், பெரியவர்களின் முன்கை முறிவுக்குக் கத்தியின்றிச் செய்த சிகிச்சைகளில் நூற்றுக்கு 71 திருப்தியற்றவையாக முடிந்திருந்தன. கலியாட்சி முறிவைப் பற்றி ஹியூஸ்டன் என்பவர் 1957-இல் எழுதியது இன்னும் கடுமை: மாவுக்கட்டால் வைத்தியம் பார்த்த 38 பேரில் 35 பேருக்குத் தோல்வி. இவர்கள் கைதேர்ந்த வைத்தியர்களிடம், நல்ல மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்றவர்கள் என்பதை மறக்கக் கூடாது. குறை கட்டினவருடையதன்று, கட்டு என்ற முறையினுடையது.

இங்கே இன்னொரு அபாயத்தையும் விஸ்தாரமாகச் சொல்லியாக வேண்டும். ஏனெனில் கோணலாகக் கூடிய எலும்பைப் பிற்பாடு வெட்டித் திருத்தலாம், இதைத் திருத்த முடியாது. முன்கைத் தசைகள் விரிந்து கொடுக்காத உறைகளுக்குள் அடைபட்டிருக்கின்றன. முறிவினால் உள்ளே இரத்தம் கசிந்து வீக்கம் ஏறும்போது அவ்வுறைக்குள் அழுத்தம் பெருகி, நுண்ணிய இரத்தக் குழாய்களை நசுக்கிவிடுகிறது. வெளியே இறுக்கமான கட்டும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். ஜெர்மனியின் ஹாலே நகரத்து ரண வைத்தியர் ரிச்சர்ட் ஃபான் ஃபோல்க்மன் 1881-இல், இறுக்கிக் கட்டப்பட்ட முன்கைகளில் தசை செத்துச் சுருங்கி, விரல்கள் கொக்கியாக மடங்கிப்போவதை எழுதி, அதற்கு இரத்த ஓட்டத் தடையே காரணம் என்று காட்டினார். இரத்தம் போகாத தசை சுமார் ஆறு மணி நேரத்துக்குள் மீளாத நிலையை அடைந்துவிடும். அதன் முதல் அறிகுறி வலி: முறிவுக்குப் பொருந்தாத அளவு வலி, மருந்துக்கு அடங்காத வலி, மடங்கிய விரலை மற்றவர் மெல்ல நீட்டிவிட்டால் உயிர் போகிற வலி. பிறகு மரத்துப்போகும், அதைக் கண்டு வலி குறைந்துவிட்டது என்று வீட்டார் நிம்மதியடைவது உண்டு, அந்த நிம்மதியைப் போலக் கொடிய சத்துரு வேறில்லை. மணிக்கட்டில் நாடி துடிக்கிறதே என்று தைரியம் கொள்வதும் தவறு. பெரிய குழாயில் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே தசை செத்துக்கொண்டிருக்கலாம். குழந்தை இரவெல்லாம் அழுகிறது என்றால், மாவுக்கட்டோ மூங்கில் பத்தையோ, விடியும் வரை காத்திராமல் அப்போதே அவிழ்க்கச் செய்ய வேண்டும். அவிழ்த்தும் அடங்காவிட்டால் தசை உறையை நெடுகக் கிழித்து அழுத்தத்தை விடுவிப்பதொன்றே வழி.

விழுந்த இடத்தில் செய்ய வேண்டியவையும் இதையொட்டியவையே. மோதிரம், வளையல், மணிக்கட்டில் கட்டிய காப்புக் கயிறு எல்லாவற்றையும் வீக்கம் ஏறுமுன் கழற்றிவிட வேண்டும். கயிறு சுவாமி பிரசாதமாயிற்றே என்று தயங்குகிறவர்கள் அதைப் பூஜையறையில் வைத்துக்கொள்ளலாம். எண்ணெய் தடவி உருவிவிடக் கூடாது. மடித்த செய்தித்தாளையோ பலகைத் துண்டையோ முழங்கையிலிருந்து உள்ளங்கை வரை கீழே கொடுத்து, துண்டால் தளர்வாகக் கட்டி, மார்புக்கு மேல் உயர்த்தி வைத்துக்கொண்டு போக வேண்டும். எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளப் பார்க்காமல் சுத்தமான துணியால் மூடிவிட வேண்டும். அப்படிப்பட்ட முறிவுக்குக் கிருமிகளைக் கொல்லும் மருந்து எவ்வளவு சீக்கிரம் இரத்தத்தில் ஏறுகிறதோ அவ்வளவுக்குச் சீழ் பிடிக்கும் அபாயம் குறையும்.

எலும்பைத் திறந்து உலோகத் தகட்டால் இணைப்பது என்ற யுக்தி முதலில் ஹாம்பர்க் நகரத்தில், 1886-இல், கார்ல் ஹான்ஸ்மன் என்பவரால் கையாளப்பட்டது. சில வாரங்களில் எளிதாக எடுத்துவிடலாம் என்று அவர் தகட்டின் ஒரு முனையைத் தோலுக்கு வெளியே நீட்டி வைத்தார். லண்டனில் ஆர்புத்நாட் லேன், காயத்துக்குள் போகும் எதையும் விரலால் தொடாமல் நீண்ட கருவிகளாலேயே கையாளும் ஒழுங்கை ஏற்படுத்தி, அந்தத் தூய்மையின் பலத்தால் தகடு வைத்தார். ஆனால் அக்காலத்து எஃகு சரீரத்துக்குள் துருப்பிடித்தது. பெல்ஜியத்தில் ஆல்பின் லாம்போத் தகடுகளையும் திருகாணிகளையும் தம் கையாலேயே வடித்துச் செய்தார். இவர்கள் எல்லோரும் எலும்பைப் பிடித்து நிறுத்துவதோடு திருப்தியடைந்தவர்கள். பிடித்து நிறுத்தினால் போதாது, முறிந்த முகங்களை ஒன்றோடொன்று நெருக்கி அழுத்த வேண்டும் என்று கண்டவர் பிரஸ்ஸல்ஸ் நகரத்து ராபர்ட் டானிஸ். 1949-இல் வெளியான தமது நூலில், முனையில் ஒரு திருகை முறுக்கினால் எலும்புத் துண்டுகளை நெருக்கும் தகட்டை அவர் விவரித்து, அப்படி நெருக்கப்பட்ட முன்கை எலும்புகள், வழக்கமாக முறிவைச் சுற்றி உருண்டு திரளும் புது எலும்புக் கட்டி உண்டாகாமலே, நேராக இழைந்து கூடுவதைப் படங்களோடு காட்டினார்.

டானிஸின் நூல் அவர் காலத்தில் பெரிய பிரசித்தியை அடையவில்லை. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மாரிஸ் முல்லர் என்ற இளம் வைத்தியர் 1950-இல் பிரஸ்ஸல்ஸுக்குப் போய் அவரைக் கண்டு, அவருடைய நோயாளிகளின் கைகள் மாவுக்கட்டு இல்லாமலே அசைவதைப் பார்த்துத் திரும்பினார். 1958-இல் பீல் என்ற ஊரில் முல்லர் உட்பட மொத்தம் பதின்மூன்று சுவிஸ் ரண வைத்தியர்கள் கூடி ஏ.ஓ. என்று சுருக்கமாக வழங்கும் ஒரு சங்கத்தை நிறுவினார்கள். கருவிகளை ஒரே அளவில் செய்விப்பது, ஒவ்வொரு நோயாளியின் படத்தையும் பல ஆண்டுகள் தொடர்ந்து சேகரிப்பது, மற்ற வைத்தியர்களுக்குப் பயிற்சி தருவது என்று அவர்கள் மேற்கொண்ட நியமங்கள் உலகமெங்கும் பரவின. 1969-இல் வெளிவந்த அவர்களுடைய புதுத் தகட்டில், துளையின் உட்புறம் சரிவாக அமைந்தது. திருகாணியை அச்சரிவின் மேல்நுனியில் இறக்கி முறுக்கினால் அதன் தலை சரிந்து தகட்டை நகர்த்த, நகரும் தகட்டோடு எலும்பும் நகர்ந்து முறிவு இறுகிக்கொள்ளும். தனியாக ஒரு நெருக்கும் கருவி வேண்டியதில்லை. நெருக்கித் தகடு வைக்கும் முறையின் பலனை 1975-இல் ஆண்டர்சன் முதலியோர் மெம்ஃபிஸ் நகரத்திலிருந்து வெளியிட்ட கணக்கு காட்டியது: ஆரையில் நூற்றுக்கு 97.9, அல்னாவில் 96.3 கூடியிருந்தன. 1949-இன் கணக்கோடு இதை ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள், ஒரு தலைமுறைக்குள் எத்தனை கைகள் காப்பாற்றப்பட்டன என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இன்றைய ரண சிகிச்சை நடக்கும் விதத்தைச் சிறிது கவனிப்போம். காறை எலும்புக்கு அருகிலோ அக்குளிலோ நரம்புக் கொத்தில் மருந்தைச் செலுத்திக் கையை மட்டும் மரக்கச் செய்வார்கள். சிலருக்கு முழு மயக்கம் தேவைப்படும். புஜத்தில் காற்றடைத்த பட்டையைச் சுற்றி இரத்த ஓட்டத்தைத் தற்காலிகமாக நிறுத்திக்கொண்டால், ஒவ்வொரு நரம்பும் குழாயும் தெளிவாகக் கண்ணுக்குப் புலப்படும். அல்னாவை அடைவது எளிது. அது தோலடியிலேயே இருக்கிறது. ஆரைக்குப் போகும் பாதைதான் நிதானத்தைக் கேட்பது. அயர்லாந்துக்காரரான ஆர்னால்ட் ஹென்றி என்ற ரண வைத்தியர் வகுத்த உள்ளங்கைப் பக்கத்துப் பாதையையே பெரும்பாலோர் இன்றும் பின்பற்றுகிறார்கள். தசைகளை அறுக்காமல், ஒரு நரம்பின் ஆதிக்கத்திலுள்ள தசைக்கும் மற்றொரு நரம்பின் ஆதிக்கத்திலுள்ள தசைக்கும் நடுவிலுள்ள இயற்கையான இடைவெளியில் புகுந்து, நாம் நாடி பார்க்கும் அந்த இரத்தக் குழாயை ஒருபுறம் ஒதுக்கி, எலும்பை அடைய வேண்டும். மேற்பகுதியில் ஒரு முக்கியமான நரம்பு ஆரையைச் சுற்றி ஒரு தசைக்குள் ஊடுருவிப் போகிறது. அது காயப்பட்டால் விரல்களை நீட்ட முடியாது. அதைக் காப்பதற்கு ஹென்றியின் பாதையில் செல்வோர் செய்வது, நோயாளியின் முன்கையை நன்றாக மல்லாத்திப் பிடிப்பது. அப்போது அந்நரம்பு கத்தியின் வழியிலிருந்து விலகிவிடுகிறது.

இரண்டு எலும்புகளுக்கும் தனித்தனியாக இரண்டு கீறல்கள் வைப்பார்கள். "ஒரே கீறலில் முடிக்கக் கூடாதா, தழும்பு குறையுமே" என்று கேட்பவர்கள் உண்டு. ஒரே வழியில் இரண்டையும் திறந்தால், ஓர் எலும்பிலிருந்து வளரும் புது எலும்பு மற்றதோடு பாலம் போட்டு இணைந்துவிடும் அபாயம் அதிகம். அப்படி இணைந்துவிட்டால் சுழற்சி அடியோடு போய்விடும். முறிந்த முகங்களில் உள்ள பல்லுக்குப் பல் பொருத்திப் பிடித்து, நீளமும், திருகலும், ஆரையின் வளைவும் பழையபடி அமைந்தனவா என்று பார்த்த பிறகே தகடு ஏறும். பெரியவர்களுக்குச் சாதாரணமாக 3.5 மில்லிமீட்டர் திருகாணிகளுக்கு உரிய தகடு. முறிவுக்கு மேலே மூன்று, கீழே மூன்று என்று குறைந்தபட்சம் ஆறு திருகாணிகள். மொந்தேஜா முறிவில் அல்னாவை நேராக்கித் தகடு வைத்துவிட்டால் ஆரையின் தலை பெரும்பாலும் தானாகவே தன் வளையத்துக்குள் திரும்பிவிடும். கலியாட்சி முறிவில் ஆரையை இணைத்தபின் மணிக்கட்டு மூட்டு நிலையாக நிற்கிறதா என்று சோதித்து, நிற்காவிட்டால் ஒரு கம்பியால் சில வாரம் பிணைத்து வைப்பார்கள். எல்லாம் முடிந்ததும் மேசையிலேயே கையை முழுதும் கவிழ்த்து, முழுதும் நிமிர்த்திப் பார்ப்பது வழக்கம். திரும்பாத கையோடு தோலைத் தைத்துவிடும் ரண வைத்தியர் நல்லவராக இருக்க மாட்டார். ஆழத்திலுள்ள தசை உறையை மட்டும் தைக்காமல் திறந்தே விடுவார்கள்; ஃபோல்க்மன் சொன்ன அழுத்தம் மறுபடி எழாமலிருப்பதற்காக.

குழந்தைகளுக்கு இந்த நியாயங்கள் அப்படியே பொருந்துவதில்லை. அவர்களுடைய எலும்பைப் போர்த்திய சவ்வு தடித்தது. பல சமயங்களில் எலும்பு பச்சைக் கொம்பாக ஒருபுறம் மட்டும் முறிந்து மறுபுறம் வளைந்து நிற்கும். ஓரளவு கோணலாகக் கூடினாலும் வளர்ச்சியின் போக்கில் அது திருந்திவிடும். ஆகையால் மயக்கத்தில் நேராக்கி மாவுக்கட்டுப் போடுவதே பெரும்பாலான குழந்தைகளுக்குப் போதுமானது. நிலைகொள்ளாத முறிவுகளுக்கும், வளர்ச்சி முடியும் தறுவாயிலுள்ள சிறுவர் சிறுமியருக்கும், பிரான்சின் நான்சி நகரத்து வைத்தியர்கள் பிரபலப்படுத்திய வளையும் கம்பிகளைச் சிறு துளை வழியே எலும்பின் உட்குழலில் செலுத்துகிறார்கள். தழும்பும் சிறிது, சிரமமும் சிறிது.

சிகிச்சை முடிந்த பிறகு நோயாளியின் வேலை ஆரம்பமாகிறது. தகடு நன்றாகப் பிடித்திருக்குமானால், விரல்களை அன்றைக்கே மடக்கி நீட்ட வேண்டும். முழங்கையையும் உள்ளங்கையின் திருப்பத்தையும் வைத்தியர் அனுமதித்தவுடன், பெரும்பாலும் சில நாட்களிலேயே, தொடங்க வேண்டும். வலிக்குமே என்று கையைத் தூளியில் போட்டு வாரக்கணக்கில் பேணுகிறவர்கள், ரண சிகிச்சை சம்பாதித்துக் கொடுத்த லாபத்தைத் தாங்களே இழந்துவிடுகிறார்கள். அசைக்கலாம் என்பதற்குப் பாரம் தூக்கலாம் என்று அர்த்தம் கொள்ளக் கூடாது. தண்ணீர்க் குடமும் எரிவாயு உருளையும் சுமார் மூன்று மாதம், படத்தில் எலும்பு கூடினது தெரியும் வரை, காத்திருக்கட்டும். அந்தப் படத்தைப் பார்த்து முறிவைச் சுற்றி உருண்டை கட்டவில்லையே என்று கலங்க வேண்டியதும் இல்லை. நெருக்கி இணைத்த எலும்பு டானிஸ் காட்டியபடி உருண்டையின்றியே கூடும். அங்கே உருண்டை தோன்றினால்தான், உள்ளே ஏதோ அசைகிறது போலும் என்று வைத்தியர் கவனிக்கத் தொடங்குவார்.

பிரண்டைத் துவையலும் ஆட்டுக்கால் ரசமும் இந்த மாதங்களில் வீடுகளில் மணக்கும். உண்பதற்குத் தடையில்லை, ஆனால் விலகிய எலும்பை நேராக்கும் சக்தி எந்த ஆகாரத்துக்கும் கிடையாது. புகையிலையை மட்டும் திட்டமாக விலக்க வேண்டும், புகை எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துகிறது. செலவைப் பற்றிய பயத்தால் நாட்களைக் கடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சாலை விபத்தில் காயமடைந்தவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரிலிருந்து நடத்தி வருகிறது, அரசு மருத்துவமனைகளிலும் இந்தத் தகடுகளே வைக்கப்படுகின்றன. வாரக்கணக்கில் தாமதித்து வருகிறவருடைய எலும்பு குறுகி, கோணலாகப் பாதி கூடியிருக்கும். அதை மறுபடி பிரித்து நேராக்குவது முதல் சிகிச்சையைவிடப் பன்மடங்கு கடினம்.

தகட்டை எடுத்துவிட வேண்டுமா என்பது எல்லோரும் கேட்கும் கடைசிக் கேள்வி. பெரியவர்களுக்கு, உறுத்தலோ சீழோ இல்லாதவரை, எடுக்காமல் விடுவதே பொதுவான அபிப்பிராயம். நானும் அந்தப் பக்கமே. எடுக்கும்போது நரம்புகளுக்குக் காயம் நேரலாம் என்பதோடு, திருகாணித் துளைகள் இருக்கும் எலும்பு பலவீனமானது. அவசரப்பட்டு எடுத்தால் அதே இடத்தில் மறுபடி முறிந்துபோவது உண்டு. எடுத்தே தீர வேண்டியவர்கள் குறைந்தது ஒன்றரை இரண்டு வருஷம் பொறுத்திருந்து எடுத்துக்கொண்டு, துளைகள் தூர்ந்து எலும்பு பலப்படும்வரை சில மாதங்களுக்குக் கபடி, கிரிக்கெட் போன்ற ஆட்டங்களிலிருந்தும் பளுவான வேலையிலிருந்தும் விலகியிருக்க வேண்டும். குழந்தைகளுக்குச் செலுத்திய கம்பிகளை மட்டும், எலும்பு நன்றாகக் கூடினபின், பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் எடுத்துவிடுகிறார்கள்.